பெரியப்பாவின் அருவாப்பெட்டியோடு ஐந்து நாள்

அன்றன்றைக்கே எழுதிப் போடுவதாகத்தான் திட்டம். தேரிக்காட்டில் சிக்னல் கிடைக்கவில்லை. கிடைத்த இடத்தில் உடம்பில் தெம்பு இல்லை. குறிப்பேட்டில் கிறுக்கி வைத்ததைச் சென்னைக்கு வந்தபின் சரிபார்த்து, நாள்வாரியாகத் தருகிறேன்.

2025 மே 3, சனி. திருச்செந்தூர்

ரயிலை விட்டு இறங்கும்போதே சட்டை முதுகில் ஒட்டியது. மணி இன்னும் ஏழு ஆகவில்லை. கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேரே பதனீர்க்காரரிடம் போய்விட்டேன். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று ஒரு நம்பிக்கை.

பச்சைக் குருத்தோலையைப் பட்டையாக மடித்து, நுங்கை வகுந்து போட்டு, மேலே பதனீரை ஊற்றினார். நாற்பது ரூபாய். நல்ல பதனீர் என்றால் முதலில் ஓலை வாசம், அப்புறம் சுண்ணாம்பின் மெல்லிய காரல், அதற்கும் பிறகுதான் இனிப்பு வர வேண்டும் என்பார் பெரியப்பா. எனக்கு இனிப்பு முந்திக்கொண்டு வந்தது. கொஞ்சம் சீனி சேர்ந்திருந்தது என்று தோன்றியது. வாயைத் துடைத்துக்கொண்டு காசைக் கொடுத்தேன். பெரியப்பாவாக இருந்தால் பட்டையைக் கீழே கவிழ்த்துவிட்டுப் போயிருப்பார்.

அவருடைய முதலாண்டு நினைவு நாள் நாளைக்கு. போன சித்திரையில் 78 வயதில் போய்ச் சேர்ந்தார். பனையேறி. பதினான்கு வயதில் ஏறத் தொடங்கி ஐம்பத்தெட்டில் நிறுத்தினார்.

உடன்குடிக்கு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். அதற்குப் பிறகு சிவப்பு மணல்தான். தேரியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்வதென்றால், செங்கல்லை மாவாக இடித்து மைல் கணக்கில் கொட்டி வைத்தது போல இருக்கும். காற்றடித்தால் மேடு இடம் மாறும். செருப்புக்குள் புகுந்த மணல் சென்னை வரைக்கும் கூடவே வந்துவிட்டது.

தெருமுனையில் பெரியப்பா படம் போட்ட பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். ‘உழைப்பால் உயர்ந்த உத்தமர்’ என்று எழுதியிருந்தது. எல்லாருடைய பிளக்ஸிலும் இதுதான் இருக்கிறது. வட்டிக்கு விட்டவருக்கும் இதே வாசகத்தை இதே தெருவில் பார்த்திருக்கிறேன். ஆனால் பெரியப்பா விஷயத்தில் அச்சடித்தவர் தனக்கே தெரியாமல் ஒரு உண்மையைச் சொல்லிவிட்டார். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன், எண்ணைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஒரு நாளைக்கு முப்பத்தைந்து பனை. காலையில் பதனீர் இறக்க ஒரு தடவை, மாலையில் பதனீர் சுரக்கும் பூங்குலையான பாளையைச் சீவ ஒரு தடவை. ஆக எழுபது ஏற்றம். பனை ஒன்றுக்குச் சராசரி நாற்பது அடி என்று வைத்தால் 2,800 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி. அந்த மனிதர் தினம் அந்த விமானத்தைக் கிட்டத்தட்டப் பதின்மூன்று முறை ஏறி இறங்கியிருக்கிறார், படிக்கட்டு இல்லாமல். இறங்கியதும் அதே வேட்டி, அதே கூரை. ஆகவே ‘உயர்ந்த’ என்பது சரி.

வீட்டு வாசலில் அவருடைய செருப்பு இன்னும் கிடக்கிறது. இரண்டிலும் வெளியோரம் மட்டும் கத்தி போல் தேய்ந்திருக்கிறது, உள்ளோரம் புதுசு. இரு கால்களையும் சேர்த்துப் பிடிக்கும் நார் வளையமான தளைநாரை மாட்டி இரு பாதங்களாலும் மரத்தைக் கவ்விக் கவ்வி, உள்ளங்கால்கள் ஒன்றையொன்று பார்த்தபடி திரும்பிவிட்டன. சமதரையில் அவர் நடப்பதைப் பார்த்தால் ஏதோ வலிக்கிறது என்று நினைப்போம். நெஞ்சில் இரண்டு பக்கமும் காய்ப்பு இருந்தது, கறுப்பாக, ஆனை முழங்கால் தோல் மாதிரி. சின்ன வயதில் விடுமுறைக்கு வந்தால் அதைச் சுரண்டிப் பார்ப்பேன். “வலிக்கிறதா பெரியப்பா?” என்றால், “அது என்னுடையது இல்லை, மரத்துடையது” என்பார். தன்னைப் பற்றி அவர் பேசியதில் எனக்கு நினைவிருக்கும் நீளமான வாக்கியம் அதுதான்.

மே 4, ஞாயிறு. ஊரில்

அக்னி நட்சத்திரம் தொடங்கும் நாள். பந்தலுக்குள் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் கையில் ஓலை விசிறி. வந்தவர் ஐம்பது அறுபது பேர் இருக்கும்.

பேத்தி வரவில்லை. திருநெல்வேலியில் நீட் தேர்வு. தோடு, மூக்குத்தி, முழுக்கைச் சட்டை எதுவும் கூடாதென்று அதிகாலையிலேயே கழற்றி வைத்துவிட்டு அண்ணியோடு காரில் போனாள். தாத்தாவின் படத்தைப் பார்த்துக் கும்பிடக்கூட நேரமில்லை. உறவுக்காரர் ஒருவர் முணுமுணுத்தார். பெரியம்மா, “பரீட்சையை விட்டுவிட்டு இங்கே வந்து விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவர் எழுந்து வந்து அடித்திருப்பார்” என்று ஒரே போடாகப் போட்டாள்.

சாப்பாட்டில்தான் வினை. சமையல்காரர் பாயசத்துக்கு வெல்லத்தைப் போட்டுவிட்டார். பெரியம்மா ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள், இலையிலிருந்து தொன்னையைத் தள்ளி வைத்தாள். “கருப்பட்டிக்காரன் நினைவு நாளில் வெல்லப் பாயசமா?” சமையல்காரரைக் குறை சொல்ல மாட்டேன். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து பெயருக்கு மவுசு, பெயருக்கு ஏற்ற சரக்குதான் குறைவு. நல்லது வேண்டுமென்றால் இந்தப் பக்கம் கிலோ நானூறுக்குக் குறைந்து யாரும் பேச்சே கொடுக்கவில்லை. எட்டுப் பத்து லிட்டர் பதனீரை மணிக்கணக்காகக் காய்ச்சினால்தான் ஒரு கிலோ தேறும். சீனிப்பாகு கலந்தது பாதி விலைக்குக் கிடைக்கிறது, பளபளவென்று அழகாகவும் இருக்கிறது.

சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் பெரியம்மா என்னைக் கூப்பிட்டுப் பரணில் ஏறச் சொன்னாள். அருவாப்பெட்டியை இறக்கினேன். இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி. உள்ளே பாளை அருவாள், பாளையை நசுக்கும் கடிப்பு, சுண்ணாம்பு வைக்கும் டப்பா, விறைத்துப்போன தளைநார். பாளை அருவாள் என்றதும் சினிமாவில் வீசுகிற வெட்டரிவாளை நினைக்கக் கூடாது. இது அகலமும் மெலிவுமான வேறு சாதி. பலகையில் பொடி மணலைத் தூவித் தீட்டித் தீட்டி, வாங்கும்போது இருந்த அகலத்தில் பாதிதான் மிச்சம்.

“இதை வேம்பாரில் ஒருத்தருக்குக் கொடுக்க வேண்டும். நீ கூட வருகிறாயா, ஐயா?”

அண்ணனுக்கு லீவு இல்லை. துறைமுகத்தில் லாரிக் கணக்கு அவன் கையில். எனக்கும் லீவு இல்லைதான். ஆனால் எழுபத்துநாலு வயதில் பெரியம்மா இதுவரை என்னிடம் கேட்ட முதல் காரியம் இது. அலுவலகத்துக்கு ஒரு பொய் சொன்னேன்.

இரவு முற்றத்தில் பாய் விரித்துப் படுத்தபோது காரணம் சொன்னாள். 1972 முதல் பதினேழு பருவம், மாசி பிறந்ததும் பானை சட்டியோடு லாரியில் ஏறித் தூத்துக்குடிக்கு வடக்கே வேம்பார்ப் பக்கம் போய்விடுவார்கள். பனங்காட்டு ஓரத்தில் ஓலையால் விடிலி என்கிற குடிசை ஒன்றைப் போட்டு, ஆடி வரை அங்கேதான். மரங்கள் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள், கருப்பட்டியை அவர் சொல்கிற விலைக்கே போட வேண்டும். பெரியப்பா இறக்குவார், பெரியம்மா காய்ச்சுவாள். ஊரே பெரியப்பாவை உழைப்பாளி என்கிறது. வெயில் காலத்தில் அடுப்புக்கு முன்னால் ஆறு மணி நேரம் நின்றவளுக்கு யாரும் பிளக்ஸ் கட்டியதில்லை. அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

1987 ஜனவரியில் கள்ளுக்குத் தடை வந்தது. அதற்குப் பிறகு கலயத்தைக் கண்டாலே காவலர்களுக்குச் சந்தேகம். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவினால் பதனீர், தடவாவிட்டால் பொழுது ஏறுவதற்குள் கள். வித்தியாசம் ஒரு விரல் சுண்ணாம்பு. அடுத்த பருவத்தில் ஒரு நாள் இரண்டு கலயத்தில் சுண்ணாம்பு சரியாகப் பிடிக்காமல் பதனீர் புளித்துவிட்டது. அன்றைக்கென்று வந்தார்கள், பெரியப்பாவைப் பிடித்துப் போய் இரவு வரை ஒரு காவல் நிலையத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்.

“அடிப்பார்கள் என்று பயந்தீர்களா?”

“அடித்தால் ஆறிவிடும். பாளை? அன்றைக்குச் சீவாவிட்டால் அடைத்துக்கொள்ளும். முப்பத்தைந்து மரம். அந்த வருஷத்துக் கஞ்சியே அதில்தான்.”

பொழுது சாயும் நேரம் பக்கத்துக் காட்டில் ஏறுகிற ஒருவர் வந்தார். அதற்கு முன் ‘சுகமா’ என்று கேட்டதைத் தவிர வேறு பேச்சு இல்லை. ஒன்றும் கேட்கவில்லை. தன் மரங்களை முடித்துவிட்டு, இவர்களுடைய முப்பத்தைந்தையும் நிலா வெளிச்சத்தில் ஏறிச் சீவிவிட்டுப் போனார். கூலி கொடுக்கப் போனால் வாங்கவில்லை. பெரியப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது, “அந்த வேம்பார் அண்ணாச்சிக்கு ஒன்றும் செய்யவில்லை” என்று இரண்டு முறை சொன்னாராம்.

மே 5, திங்கள். பஸ்ஸிலும் வெயிலிலும்

ஊரிலிருந்து உடன்குடி வரை டவுன் பஸ். பெரியம்மாவுக்குக் கட்டணமில்லை, எனக்கு மட்டும் டிக்கெட். “என் பெயரைச் சொல்லி நீ உட்கார முடியாதா?” என்று சிரித்தாள்.

குலசையை, அதாவது குலசேகரன்பட்டினத்தை, தாண்டும்போது இந்தப் பக்கம்தான் ராக்கெட் தளம் வருகிறது என்று சொன்னேன். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். நிலத்தைக் கொடுத்தவர்களில் அவளுடைய ஒன்றுவிட்ட தம்பியும் உண்டு.

“ராக்கெட் எத்தனை பனை உயரம் இருக்கும்?”

இங்கிருந்து விடப்போகும் எஸ்.எஸ்.எல்.வி. 34 மீட்டர். மனக்கணக்குப் போட்டேன். “மூன்று பனை, பெரியம்மா.”

“அவ்வளவுதானா” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தூத்துக்குடி பஸ் நிலையத்தில் அருவாப்பெட்டி தன் வேலையைக் காட்டியது. நான் தோளில் மாட்டியிருந்தேன், பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு காவலர் விரலால் சொடுக்கிக் கூப்பிட்டார். இந்த மாவட்டத்தில் அருவாளோடு பஸ் ஏறுகிறவனைக் கூப்பிடாவிட்டால்தான் தவறு. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பெரியம்மா என்னை விலக்கிவிட்டு, பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து நடைமேடையில் பரப்பினாள். காவலர் அருவாளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், விளிம்பில் கட்டைவிரலை வைத்து உடனே எடுத்துக்கொண்டார். “பாளை அருவாளா?” என்றார், குரல் இறங்கியிருந்தது. பெட்டிக்கடையில் ஒரு பழைய செய்தித்தாள் வாங்கி, அருவாளைச் சுற்றி, நூலும் கட்டிக் கொடுத்தார். “பெட்டியைச் சீட்டுக்கு அடியில் வையுங்கள் பாட்டி. தம்பி முழியே சரியில்லை, வேறு யாராவது பிடித்துவிடப் போகிறார்கள்.”

கிழக்குக் கடற்கரைச் சாலை. உப்பளம் முடிந்தால் உடைமரம், உடைமரம் முடிந்தால் சீமைக்கருவேலம். குளத்தூரைத் தாண்டி ஐந்தாறு நிமிடத்தில் டயர் வெடித்தது. உச்சி வெயில் பன்னிரண்டரை. மாற்று டயரும் சப்பை. டிரைவர் யாரையும் திட்டவில்லை, நிழலில் போய்த் துண்டை விரித்துவிட்டார். ஒன்றே முக்கால் மணி நேரம் அந்த உடைமரத்தடியில் நாற்பது பேர். குடை மாதிரிதான் விரிந்திருக்கிறது அந்த மரம், ஆனால் ஆயிரம் ஓட்டை உள்ள குடை.

சாலைக்கு அப்பாலிருந்து ஒரு அம்மா தலைச்சுமையாக நுங்குக் குலைகளோடு வந்தார். எங்கள் நிலைமையைப் பார்த்து விலையை ஏற்றுவார் என்று எதிர்பார்த்தேன், சென்னைப் புத்தி. பத்து ரூபாய்க்கு மூன்று சுளை. கைக்குழந்தைக்காரிக்குக் காசே வாங்கவில்லை. பெரியம்மா விரலை விட்டு நுங்கைத் தோண்டிக் குடித்துவிட்டு, “இளசு. நல்ல கை வெட்டியிருக்கிறது” என்றாள். அந்த அம்மா, “என் வீட்டுக்காரர்” என்று சொல்லி முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டார்.

வேம்பாரில் தங்க இடம் அகப்படாமல் சாயல்குடி போனோம். தொள்ளாயிரம் ரூபாய்க்கு ஒரு அறை. மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை. இரவு பரோட்டாவும் சால்னாவும். பெரியம்மா கட்டிலை விட்டுவிட்டுத் தரையில் படுத்தாள். பெட்டி தலைமாட்டில்.

மே 6, செவ்வாய். வேம்பார்ப் பக்கம்

முப்பத்தாறு வருஷத்துக்கு முன் பார்த்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பெரியம்மாவிடம் இருந்த அடையாளங்கள் இவை: தண்ணீர் எடுத்த கிணறு, அதன் மேற்கே ஒரு கிளைப்பனை, இரண்டு தலை உள்ளது, கடல் சத்தம் இரவில் மட்டும் கேட்கும்.

டீக்கடையில் இதை ஒப்பித்தோம். கடைக்காரர் ‘கிளைப்பனை’ என்றதும் நிமிர்ந்தார். “அது இடி விழுந்து போய்விட்டதே.” அப்புறம் பாய்லரைப் பக்கத்திலிருந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, தன் டிவிஎஸ் வண்டியில் பெரியம்மாவை ஏற்றிக்கொண்டார். நான் பின்னால் நடந்தேன். அரை மணி நேரம். டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை என்பது திரும்பிவந்தபின்தான் உறைத்தது.

விடிலி இருந்த இடத்தில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. கரிமூட்டம் போட்ட தடம் ஒன்று. கிணற்றில் பிளாஸ்டிக் பாட்டில்கள். பெரியம்மா சுற்றிச் சுற்றி நடந்து, காலால் மண்ணைக் கிளறி, ஒரு இடத்தில் நின்றாள். மண் அங்கே கறுத்து, கெட்டிப்பட்டிருந்தது. “அடுப்பு” என்றாள்.

அங்கே நின்றபடி ஒரு கதை. அண்ணனுக்கு அப்போது பதினொரு வயது. அப்பா தூங்கும் மத்தியான நேரத்தில் தளைநாரை எடுத்துப்போய் ஒரு வடலியில், அதாவது இளம் பனையில், ஏறிவிட்டான். பாதி மரத்தில் இருக்கும்போது பெரியப்பா வந்துவிட்டார். கத்தவில்லை. கத்தினால் பயல் கையை விட்டுவிடுவான். மரத்தடியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, அவன் தானாக இறங்கும் வரை மேலே பார்த்துக்கொண்டே நின்றார். இறங்கியதும் தளைநாரை வாங்கி அருவாளால் துண்டு துண்டாக நறுக்கி அடுப்பில் போட்டார். அன்றைக்கு அடுப்பில் பதனீர் சுண்டிப் பாகாகி, கூப்பனி பதம் வருகிற நேரம். ஆத்திரத்தில் அதையும் காலால் எட்டி உதைத்துவிட்டார். ஒரு நாள் உழைப்பு மொத்தமும் மணலில். “என் உழைப்புதானே அது. அவருக்கு என்ன போச்சு? அதற்கு மூன்று நாள் பேசவில்லை நான்” என்றாள் பெரியம்மா. இவ்வளவு வருஷம் கழித்தும் அந்தச் சட்டிக் கூப்பனி அவளுக்கு ஆறவில்லை. வார்த்தையில் சூடு இருந்தது. அடுத்த ஆண்டிலிருந்து அண்ணனைப் பருவத்துக்கு அழைத்து வரவில்லை. பள்ளி விடுதியில் விட்டுவிட்டார்கள்.

அந்த அண்ணாச்சி இறந்து பன்னிரண்டு வருஷம். டீக்கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. மகன் இருக்கிறார், இன்னும் ஏறுகிறார், இந்த வட்டாரத்தில் மிச்சமிருக்கும் ஏழெட்டுப் பேரில் ஒருவர். நாங்கள் போனபோது மனைவி காய்ச்சிக்கொண்டிருந்தார். பெரிய சட்டி, கீழே உடைவிறகும் காய்ந்த மட்டையும். நுரை பொங்கி விளிம்புக்கு வந்தபோது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டார், நுரை அடங்கிப் படுத்தது. பெரியம்மா யாரும் சொல்லாமலே அகப்பையை வாங்கிக் கிண்டத் தொடங்கிவிட்டாள். அந்தப் பெண்ணும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரு சட்டியைப் பகிர்ந்துகொள்வதற்கு எத்தனை பேச்சு வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் மீன் குழம்பும் சோறும். சாளை. புளி தூக்கல், அதற்கு மேல் உறைப்பு. இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். இரவு அங்கேயே தங்கச் சொன்னார்கள். லாட்ஜுக்குக் கொடுத்த தொள்ளாயிரத்தை நினைத்து வயிறெரிந்தது.

மே 7, புதன். விடியலில்

நாலு மணிக்கு எழுப்பினார்கள். மகனுக்கு என் வயதுதான் இருக்கும், நாற்பத்தெட்டு, ஐம்பது. இடுப்பில் பெட்டி, கையில் முருக்குத்தடி. தடியை மரத்தில் சாய்த்து முதல் அடி வைத்தார், அப்புறம் தளைநார் மரத்தை உரசும் சத்தம் மட்டும். இருட்டில் ஆளைப் பார்க்க முடியவில்லை, சர்க் சர்க் என்று அந்தச் சத்தம் மேலே போவதைத்தான் கேட்டேன். மேலே டார்ச் எரிந்தது. சீவல்கள் என் தலையில் உதிர்ந்தன, வெங்காயச் சருகு மாதிரி.

பெரியம்மா ஒரு சீவலைப் பொறுக்கி நகத்தால் அளந்தாள். என் காதுக்குள், “தடிப்பாகச் சீவுகிறான். பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். உன் பெரியப்பா சீவினால் மறுபக்கம் வெளிச்சம் தெரியும்” என்றாள்.

ஏழு மணிக்குப் பெட்டியைக் கொடுத்தோம். பெரியம்மா நடந்ததைச் சொன்னாள், காவல் நிலையம், நிலா, முப்பத்தைந்து மரம். அவர் பொறுமையாகக் கேட்டார். “அப்பா சொன்னதில்லையே” என்றார். யோசித்தார். “ஒருத்தர் படுத்துவிட்டால் அடுத்தவர் பார்ப்பதுதானே. எத்தனை பேருக்குப் பார்த்தாரோ.” அவ்வளவுதான். பெரியப்பா சாகும்வரை சுமந்த கடன் இந்த வீட்டுக் கணக்கில் எழுதப்படவே இல்லை. பெரியம்மா இதை எதிர்பார்க்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. நானும்தான்.

அருவாளைச் செய்தித்தாளிலிருந்து பிரித்தார். முன்கையில் வைத்து இழுத்தார், மயிர் சுத்தமாக வழித்துக்கொண்டு வந்தது. இருபது வருஷம் பரணில் கிடந்த இரும்பு. “தேய்ந்திருக்கிறது. ஆனாலும் இரண்டு பருவம் தாங்கும்.” தளைநாரை வாங்கவில்லை. “அடுத்தவர் தளைநாரில் ஏறக் கூடாது.” கடிப்பை எடுத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய்ப் பத்து ரூபாய் நாணயம் ஒன்றைக் கொண்டுவந்து பெரியம்மா கையில் வைத்தார். இரும்பைச் சும்மா வாங்கக் கூடாதாம். மனைவி ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி கட்டிக் கொடுத்தார். அதற்கு மட்டும் எங்களிடம் காசு வாங்க மறுத்தார்கள்.

மகனின் பையன் திண்ணையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோயம்புத்தூரில் பாலிடெக்னிக். “நீ ஏறுவாயா?” என்று கேட்டேன். அவன் பதில் சொல்வதற்குள் அப்பா, “தொட விட்டதில்லை” என்றார்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கேட்டார். பெரியம்மாவின் முந்தானை முடிச்சில் அந்தப் பத்து ரூபாய் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி நான்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வைப்பார்ப் பாலம் தாண்டியதும் ஓலைப்பெட்டியைப் பிரித்து ஒரு கருப்பட்டியை உடைத்துப் பார்த்தாள். பதம் கொஞ்சம் பிந்திவிட்டதாம், நுனியில் கருகல் வாசம் இருக்கிறதாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

பனையேறியிடம் எத்தனை மரம் என்று நேரில் கேட்கக் கூடாது, கண்பட்டுவிடும் என்பது பெரியம்மாவின் நம்பிக்கை. அதனால் அங்கே கேட்காமல் வைத்திருந்ததை இப்போது என்னிடம் கேட்டாள்.

“அவன் எத்தனை மரம் ஏறுகிறான், ஐயா? எண்ணினாயா?”

“பதினெட்டு.”

“அவ்வளவுதானா” என்றாள். தூத்துக்குடி வரும் வரை தூங்கினாள்.